பேச்சு மொழிச் சிகிச்சையில் சிறுவர்களுக்கான இலக்கு அமைத்தல்

பேச்சு மொழிச் சிகிச்சையில் இலக்கு அமைத்தல் என்பது, பேசுவதிலோ மொழியைப் புரிந்து பயன்படுத்துவதிலோ இடர்ப்படும் ஒரு குழந்தை, குறிப்பிட்ட காலத்திற்குள் எதனைச் செய்ய வல்லதாக வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து எழுதி வைக்கும் செயற்பாடு ஆகும். சிகிச்சையாளர், பெற்றோர், ஆசிரியர், இயலுமிடத்துக் குழந்தை ஆகியோர் சேர்ந்து இதனைச் செய்வர். எந்தப் பயிற்சியை அளிப்பது, எப்போது முறையை மாற்றுவது, எப்போது சிகிச்சையை நிறைவு செய்வது ஆகிய முடிவுகள் இவ்விலக்குகளைச் சார்ந்தே எடுக்கப்படுகின்றன.

பேச்சு இலக்குகளும் மொழி இலக்குகளும்

பேச்சு என்பது ஒலிகளை உருவாக்கும் செயலாகும். ஒலிப்பு, குரல், சரளம் ஆகியன இதில் அடங்கும். மொழி என்பது சொற்களையும் இலக்கணத்தையும் கொண்டு பிறர் கூறுவதை விளங்கிக் கொள்வதும் தன் எண்ணத்தை வெளியிடுவதும் ஆகும். ஒரு குழந்தை ஒலிகளைத் தெளிவாக உச்சரித்தாலும் இரு சொற்களைச் சேர்த்துப் பேச இயலாதிருக்கலாம். மற்றொரு குழந்தை நீண்ட வாக்கியங்களைப் பேசினாலும் அது அயலாருக்கு விளங்காதிருக்கலாம். எனவே இவ்விரண்டுக்கும் இலக்குகள் தனித்தனியே அமைக்கப்படுகின்றன.

வாய்ப்பேச்சு மட்டுமே இலக்காக இருக்க வேண்டியதில்லை. சைகை, படப் பலகை, பேசும் கருவி ஆகியவற்றின் மூலம் தன் தேவையைத் தெரிவிப்பதும் இலக்காகலாம். இவற்றைப் பழக்கினால் குழந்தை பேசாமலேயே இருந்துவிடும் என்னும் அச்சம் பெற்றோரிடையே காணப்படுகிறது. ஆய்வுகள் இவ்வச்சத்தை உறுதிப்படுத்தவில்லை.

தொடக்க நிலையை அறிதல்

இலக்கு எழுதுவதற்கு முன் குழந்தையின் தற்போதைய நிலை அளவிடப்படுகிறது. செவிப்புலன் குறைபாடு பேச்சையும் மொழியையும் பாதிக்கக் கூடும் என்பதால் கேட்கும் திறனும் சோதிக்கப்படும். பின்னர் படங்களைப் பெயரிடச் செய்தல், விளையாடும்போது பேசுவதைப் பதிவு செய்தல், பெற்றோரிடம் வினவுதல் முதலிய வழிகளில் தகவல் திரட்டப்படும். இவ்வாறு பெறப்படும் அளவு தொடக்க அளவு எனப்படும். இது இல்லாவிடில் பின்னர் காணும் மாற்றம் எவ்வளவு என்பதைக் கூற இயலாது.

இலக்கின் கூறுகள்

அமெரிக்கக் கல்வியாளர் ராபர்ட் மேகர், கற்பித்தல் நோக்கங்களை எழுதுவது குறித்து 1962 இல் வெளியிட்ட நூலில் மூன்று கூறுகளை வலியுறுத்தினார். சிகிச்சை இலக்குகளும் பெரும்பாலும் இவ்வமைப்பிலேயே எழுதப்படுகின்றன.

* செயல்: குழந்தை செய்ய வேண்டியது, பிறர் காணவோ கேட்கவோ கூடிய வடிவில்.
* சூழ்நிலை: எங்கே, யாருடன், எவ்வளவு உதவியுடன்.
* அளவுகோல்: எத்தனை முறை சரியாகச் செய்தால் இலக்கு எட்டப்பட்டதாகக் கொள்ளப்படும்.

குறிப்பானது, அளவிடத்தக்கது, எட்டக்கூடியது, பொருத்தமானது, கால வரையறை உடையது என்னும் ஐந்து பண்புகளைக் கொண்ட "ஸ்மார்ட்" முறையும் பரவலாகப் பயன்படுகிறது. இதன் முதல் வடிவத்தை ஜார்ஜ் டோரன் 1981 இல் மேலாண்மைத் துறைக்காக முன்வைத்தார்.

எடுத்துக்காட்டு

நான்கரை வயதுக் குழந்தை ஒன்று சொல்லின் தொடக்கத்தில் வரும் ககரத்தைத் தகரமாக ஒலிக்கிறது எனக் கொள்வோம். அக்குழந்தை "காய்" என்பதைத் "தாய்" என்றும், "கலை" என்பதைத் "தலை" என்றும், "கொடு" என்பதைத் "தொடு" என்றும் கூறும். பொருள் மாறிவிடுவதால் கேட்போர் குழம்புவர். தொடக்க அளவில் 20 சொற்களில் 3 மட்டுமே சரியாக அமைந்தன எனில், இலக்குகள் பின்வருமாறு அமையலாம்.

* நீண்டகால இலக்கு: ஆறு மாதங்களில், வீட்டிலும் பள்ளியிலும் பேசும்போது சொல் தொடக்கத்தில் ககரத்தைப் பெரும்பாலும் சரியாக ஒலித்தல்.
* குறுங்கால இலக்கு: படத்தைப் பார்த்து, சிகிச்சையாளர் முன்னதாகச் சொல்லிக் காட்டாமலேயே, ககரத்தில் தொடங்கும் 20 சொற்களில் 16 ஐச் சரியாகக் கூறுதல்; இதனை அடுத்தடுத்த இரண்டு அமர்வுகளில் செய்தல்.

குறுங்கால இலக்குகள் படிப்படியாகக் கடினமாகும். தனி ஒலி, அசை, சொல், சொற்றொடர், வாக்கியம், உரையாடல் என்னும் வரிசை சார்ல்ஸ் வான் ரைப்பர் என்னும் அமெரிக்கப் பேச்சு நோயியலாளரின் மரபுவழி முறையுடன் தொடர்புடையதாகும்.

எதனை முதலில் தெரிவது

குழந்தைகள் வழக்கமாக முன்னதாகக் கற்கும் திறனை முதலில் பயிற்றுவது ஒரு முறை. கடினமான ஒலிகளை முதலில் பயிற்றினால் எளியவை தாமாகவே மேம்படலாம் என்பது ஜூடித் கீரட் முதலிய ஆய்வாளர்களின் கருத்து. அன்றாட வாழ்வில் மிகவும் பயன்படுவதை முதலில் தெரிவது மூன்றாவது முறை. தன் பெயரையே தவறாக ஒலிக்கும் குழந்தைக்கு அப்பெயரில் உள்ள ஒலி முதன்மை பெறலாம்.

பல இலக்குகள் இருக்கும்போது அவற்றைக் கையாளும் மூன்று வழிகளை மார்க் ஃபே 1986 இல் விளக்கினார். ஒன்றை முடித்த பின் அடுத்ததைத் தொடங்குவது செங்குத்து முறை. பலவற்றை ஒரே காலத்தில் பயிற்றுவது கிடை முறை. ஒவ்வொன்றுக்கும் குறித்த காலம் ஒதுக்கி, எட்டினாலும் எட்டாவிடினும் அடுத்ததற்குச் சென்று மீண்டும் திரும்புவது சுழற்சி முறை.

வீட்டுமொழியும் வட்டார வழக்கும்

வேறுபாடு வேறு, குறைபாடு வேறு. தமிழின் பேச்சு வழக்குகள் பலவற்றில் ழகரம் ளகரமாகவும், சிலவற்றில் யகரமாகவும் ஒலிக்கிறது. "வாளப்பளம்" என்று கூறும் குழந்தையின் குடும்பத்தாரும் அவ்வாறே பேசுவராயின் அது சிகிச்சைக்குரிய குறை அன்று. இருமொழிக் குழந்தைகளின் திறனை ஒரு மொழியில் மட்டும் அளந்தாலும் பிழையான முடிவு ஏற்படும்.

முன்னேற்றத்தை அளத்தல்

ஒவ்வோர் அமர்விலும் சரியான விடைகளை எண்ணிச் சதவீதமாகக் குறிப்பது எளிய முறையாகும். எண்ண இயலாத மாற்றங்களுக்கு இலக்கு எய்தல் அளவீடு பயன்படுகிறது. தாமஸ் கிரெசுக், ராபர்ட் ஷெர்மன் ஆகியோர் 1968 இல் மனநலத் துறைக்காக உருவாக்கிய இவ்வளவீட்டில், எதிர்பார்த்த விளைவுக்கு 0, அதனினும் மேலானவற்றிற்கு +1, +2, குறைவானவற்றிற்கு -1, -2 என மதிப்புகள் வழங்கப்படும்.

அமெரிக்கப் பள்ளிகளில்

ஐக்கிய அமெரிக்காவில் இலக்கு எழுதுவது சட்டத் தேவையாகும். 1975 இல் இயற்றப்பட்டு, 1990 இல் மாற்றுத்திறனுடையோர் கல்விச் சட்டம் எனப் பெயர் மாற்றப்பட்ட சட்டத்தின்படி, தகுதியுள்ள ஒவ்வொரு மாணவருக்கும் தனிநபர் கல்வித் திட்டம் தயாரிக்கப்பட வேண்டும். தற்போதைய நிலை, அளவிடத்தக்க ஆண்டு இலக்குகள், முன்னேற்றத்தை அளக்கும் முறை ஆகியன அதில் இடம்பெறும். பெற்றோரும் திட்டக் குழுவின் உறுப்பினர் ஆவர். 2004 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், மாற்றுத் தேர்வு எழுதும் மாணவர் தவிர்ந்த ஏனையோருக்குக் குறுங்கால நோக்கங்களை எழுதுவது கட்டாயமன்று.

விமர்சனங்கள்

அளவிட எளிதானவையே இலக்குகளாகிவிடுகின்றன என்பது முதன்மையான விமர்சனம் ஆகும். சிகிச்சை அறையில் 20 படங்களுக்கு 16 சரியான விடை கூறும் குழந்தை, வகுப்பறையில் தண்ணீர் கேட்க முடியாமல் இருக்கலாம். உலக சுகாதார அமைப்பு 2001 இல் வெளியிட்ட செயற்பாட்டு வகைப்பாடு, உடற்செயலுடன் அன்றாட நடவடிக்கை, சமூகப் பங்கேற்பு, சூழல் ஆகியவற்றையும் கணக்கில் கொள்கிறது. இதன் வழி நோக்கினால் "நண்பர்களுடன் விளையாட்டில் சேர்ந்துகொள்ளக் கேட்டல்" என்பதும் உரிய இலக்கே. இதனையும் வாரத்திற்கு எத்தனை முறை, எவருடைய உதவியுடன் என்று எழுதி அளவிட முடியும்.

சில இலக்குகள் குழந்தைக்குச் சுமையாவதும் உண்டு. மதியிறுக்கம் உடைய குழந்தைகளுக்குக் கண்ணைப் பார்த்துப் பேசுதல் முன்னர் வழக்கமான இலக்காக இருந்தது. அது தமக்குத் துன்பம் தருவதாக மதியிறுக்கம் உடைய பெரியோர் பலர் கூறியதை அடுத்துச் சிகிச்சையாளர் பலர் அதனைத் தவிர்க்கின்றனர். திக்குவாய் உடைய சிறுவருக்குத் "திக்காமல் பேசுதல்" என்பதே ஒரே இலக்கானால், திக்கிவிடுவோம் என்னும் அச்சத்தில் அவர் பேசுவதையே தவிர்க்கக் கூடும். ஆதலால் வகுப்பில் கை உயர்த்திப் பதில் கூறுதல், தான் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தல் ஆகியனவும் இலக்குகளாகச் சேர்க்கப்படுகின்றன.