மெர்லினும் ஆர்தரும் (மெர்லின் தொலைக்காட்சித் தொடர்)

மெர்லின், ஆர்தர் ஆகிய இருவரும் மெர்லின் என்னும் பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடரின் முதன்மைக் கதைமாந்தர்கள் ஆவர். இத்தொடர் 2008 செப்டம்பர் 20 முதல் 2012 டிசம்பர் 24 வரை பிபிசி ஒன் அலைவரிசையில் ஐந்து பருவங்களாக, 65 அத்தியாயங்களில் ஒளிபரப்பானது. இதில் ஆர்தர் கேமலொட் நாட்டின் இளவரசனாகவும் பின்னர் அரசனாகவும் வருகிறான். மெர்லின் அவனுடைய பணியாள். பிறவியிலேயே பெரும் மந்திர ஆற்றல் பெற்றவன். ஆனால் கேமலொட்டில் மந்திரம் பயில்வது மரண தண்டனைக்குரிய குற்றமாகும். ஆகவே, எந்த ஆற்றலால் தன் எசமானனைக் காக்கிறானோ, அந்த ஆற்றலை அவனிடமிருந்தே மறைக்க வேண்டிய நிலையில் மெர்லின் இருக்கிறான். இருவரின் உறவில் எழும் நகைச்சுவைக்கும் துயரத்துக்கும் இந்த முரணே அடிப்படை.

தொடரின் பின்னணி

பிரித்தானியாவின் ஆர்தர் மன்னர் தொன்மக் கதைகளைத் தழுவி இத்தொடர் எழுதப்பட்டது. ஜூலியன் ஜோன்ஸ், ஜேக் மிச்சி, ஜானி கேப்ஸ், ஜூலியன் மர்பி ஆகிய நால்வர் இதனை உருவாக்கினர். மெர்லினாகக் காலின் மார்கனும் ஆர்தராகப் பிராட்லி ஜேம்சும் நடித்தனர். ஆர்தரின் தந்தை ஊதர் மன்னனாக அந்தோணி ஹெட், அரண்மனை மருத்துவர் கையசாக ரிச்சர்டு வில்சன், மார்கனாவாகக் கேட்டி மெக்ராத், குவினவியராக ஏஞ்சல் கூல்பி ஆகியோர் நடித்தனர். பெரிய டிராகனுக்கு ஜான் ஹர்ட் குரல் கொடுத்தார். கேமலொட் கோட்டையாகக் காட்டப்படுவது வட பிரான்சில் உள்ள பியர்ஃபாண்ட் கோட்டையாகும்.

கதையின்படி, பிள்ளைப்பேறில்லாத ஊதர் மந்திரத்தின் உதவியை நாடி ஆர்தரை மகனாகப் பெற்றான். ஓர் உயிர் பிறக்க வேண்டுமெனில் ஓர் உயிர் பிரிய வேண்டும் என்பது அந்த மந்திரத்தின் விதி. அதன்படி அரசி இக்ரேன் இறந்தாள். அதனால் வெகுண்ட ஊதர் மந்திரத்தைத் தடைசெய்து, மந்திரவாதிகளைத் தேடிக் கொன்றான். தன் பிறப்பின் உண்மை ஆர்தருக்குச் சொல்லப்படவில்லை.

உறவின் தொடக்கம்

முதல் அத்தியாயத்தில் ஈல்டோர் என்னும் சிற்றூரிலிருந்து மெர்லின் கேமலொட்டுக்கு வருகிறான். அங்கே இலக்குப் பலகையைச் சுமந்து ஓடும் ஒரு பணியாளைக் குறிவைத்து ஆர்தர் கத்தி எறிந்து விளையாடுவதைக் காண்கிறான். இளவரசன் என்று அறியாமல் அவனைத் தட்டிக் கேட்டுச் சிறைப்படுகிறான். பின்னர் ஒரு விருந்தில் ஆர்தர் மீது எறியப்பட்ட கத்தியிலிருந்து அவனைக் காப்பாற்றுகிறான். அதற்குப் பரிசாக, ஆர்தரின் பணியாளாகும் பதவியை ஊதர் அவனுக்கு அளிக்கிறான். இருவருமே இதனை விரும்பவில்லை.

கோட்டையின் அடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டுள்ள பெரிய டிராகன், ஆர்தரைக் காத்து நல்லரசனாக்குவதே மெர்லினின் விதி என்கிறது. ஆகவே மெர்லினின் பணிக்கு இரண்டு அடிப்படைகள் உண்டு. ஒன்று அரசன் கொடுத்த வேலை. மற்றது ஆர்தர் அறியாத விதி. ஆர்தருக்குத் தெரிந்தது முதலாவது மட்டுமே.

பணியும் கேலியும்

கவசத்தைத் துடைப்பது, குதிரை இலாயத்தைக் கூட்டுவது, துணி துவைப்பது, உணவு கொண்டுவருவது ஆகியவை மெர்லினின் அன்றாட வேலைகள். அவற்றை அவன் அவ்வளவு நன்றாகச் செய்வதில்லை. ஆர்தர் அவனைச் சோம்பேறி என்றும் முட்டாள் என்றும் திட்டுவதும், கையில் கிடைத்ததை எடுத்து எறிவதும் வழக்கம். மெர்லினும் பதிலுக்குப் பதில் பேசுகிறான். இளவரசனிடம் வேறு எவரும் பேசத் துணியாத வகையில் அவன் பேசுவதே நாளடைவில் ஆர்தர் அவனை நம்புவதற்குக் காரணமாகிறது.

வேலையாளின் அறிவு எசமானனின் அறிவை விஞ்சி நிற்பது பிரித்தானிய நகைச்சுவையில் பழகிய வடிவமாகும். பி. ஜி. வுட்ஹவுசின் ஜீவ்ஸ் கதைகள் இதற்கு எடுத்துக்காட்டு. ஆயினும் ஜீவ்சின் திறமையை அவருடைய எசமானன் அறிவான். மெர்லினின் திறமை வெளிப்பட்டால் அவன் உயிர் போகும்.

ஒருவருக்காக மற்றவர்

முதல் பருவத்தின் நான்காம் அத்தியாயத்தில், ஆர்தருக்கு வைக்கப்பட்ட நஞ்சை மெர்லின் குடிக்கிறான். பணியாள் ஒருவனுக்காக இளவரசன் உயிரைப் பணயம் வைக்கக்கூடாது என்று ஊதர் தடுத்தும், ஆர்தர் மருந்துப் பூவைத் தேடிச் செல்கிறான். இருண்ட குகையில் ஓர் ஒளி அவனுக்கு வழிகாட்டுகிறது. நினைவிழந்து கிடக்கும் மெர்லினே அதனை உண்டாக்கினான் என்பதை ஆர்தர் அறிவதில்லை.

பத்தாம் அத்தியாயத்தில் மெர்லினின் ஊரைக் கொள்ளையரிடமிருந்து காக்க ஆர்தர் செல்கிறான். பதினோராம் அத்தியாயத்தில் இரு கிண்ணங்களில் ஒன்றில் நஞ்சு உள்ளது என்று கூறப்படும்போது, இரண்டையும் ஒன்றாக ஊற்றித் தானே குடித்து மெர்லினைக் காக்க முனைகிறான். பருவத்தின் இறுதியில், ஆர்தரின் உயிருக்கு ஈடாக மெர்லின் தன் உயிரைத் தர முன்வருகிறான். தியாகம் இருபக்கமும் உண்டு. ஆனால் ஆர்தர் செய்தவை மெர்லினுக்குத் தெரியும். மெர்லின் செய்தவற்றில் பெரும்பாலானவை ஆர்தருக்குத் தெரியா.

இரண்டாம் பருவத்தின் இறுதி அத்தியாயம் இந்த ஏற்றத்தாழ்வைத் தெளிவாகக் காட்டுகிறது. டிராகன்களுக்குக் கட்டளையிடும் ஆற்றல் கொண்ட பாலினோர், மெர்லினின் தந்தை. அவர் மெர்லினின் கைகளில் இறக்கும்போது, இறந்தவர் யார் என்பதை அருகில் நிற்கும் ஆர்தரிடம் அவனால் சொல்ல இயலவில்லை. பின்னர் கேமலொட்டைத் தாக்கும் டிராகனை மெர்லினே அடக்கி அனுப்பிவிட்டு, அதனை வீழ்த்தியது ஆர்தரே என்று அவனிடம் கூறுகிறான்.

பொய்யும் அதன் விளைவுகளும்

மெர்லினின் மறைப்பு அவனை மட்டும் காப்பதில்லை. நாட்டின் போக்கையும் அது தீர்மானிக்கிறது. பின்வரும் மூன்று நிகழ்வுகள் இவ்வகையில் முக்கியமானவை.

முதலாவது, இரண்டாம் பருவத்தின் எட்டாம் அத்தியாயத்தில் நிகழ்கிறது. மார்காஸ் என்னும் மந்திரக்காரி ஆர்தரின் தாயின் உருவத்தை வரவழைத்து, அவனது பிறப்பின் உண்மையைக் கேட்கச் செய்கிறாள். ஆர்தர் தன் தந்தையைக் கொல்ல வாளை ஓங்குகிறான். அந்தப் பழியிலிருந்து அவனைக் காப்பதற்காக, கண்டது அனைத்தும் மாயத் தோற்றமே என்று மெர்லின் கூறிவிடுகிறான். ஊதர் பிழைக்கிறான். ஆனால் மந்திரத்தின் மீது ஆர்தருக்கு இருந்த வெறுப்பு வலுக்கிறது.

இரண்டாவது, நான்காம் பருவத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் நிகழ்கிறது. குத்துண்டு சாகக் கிடக்கும் ஊதரை, முதியவர் வேடத்தில் வரும் மெர்லின் மந்திரத்தால் குணப்படுத்த முயல்கிறான். மார்கனா முன்னரே வைத்திருந்த தாயத்து அம்மந்திரத்தைத் தலைகீழாக்குவதால் ஊதர் இறக்கிறான். மந்திரத்தை நம்பியதே தன் தந்தையைக் கொன்றது என்று ஆர்தர் முடிவு செய்கிறான்.

மூன்றாவது, ஐந்தாம் பருவத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் வருகிறது. மார்ட்ரெட் என்னும் இளம் வீரன் ஆர்தருக்காகக் காயப்பட்டு இறக்கும் நிலையில் உள்ளான். பழைய சமயத்தையும் மந்திரத்தையும் ஏற்றுக்கொண்டால் அவன் பிழைப்பான் என்று டிசிர் எனப்படும் மூன்று தீர்ப்பாளினிகள் கூறுகின்றனர். என்ன செய்யலாம் என்று ஆர்தர் தன் பணியாளிடமே கேட்கிறான். மெர்லின் காலமெல்லாம் காத்திருந்த கேள்வி அது. ஆனால் மார்ட்ரெட்டின் கையால் ஆர்தர் இறப்பான் என்று முன்னறிந்த மெர்லின், கேமலொட்டில் மந்திரத்துக்கு இடமில்லை என்று விடையளிக்கிறான். ஆர்தர் மறுத்துவிடுகிறான். இருப்பினும் மார்ட்ரெட் பிழைத்துக்கொள்கிறான். அவன் பிழைப்பதே தீர்ப்பாகிறது. எசமானனைக் காக்க மெர்லின் தன் இனத்தின் விடுதலையைக் கைவிட்டான். எசமானனும் காக்கப்படவில்லை.

இம்மூன்றிலும் ஆர்தரின் முடிவுகளை உண்மையில் எடுப்பவன் மெர்லினே. நான்காம் பருவத்தின் இறுதியில் இந்நிலை நகைச்சுவையாகவும் காட்டப்படுகிறது. பகைவர் பிடித்த நகரைவிட்டு ஆர்தரை வெளியேற்ற மெர்லின் மந்திரமிடுகிறான். ஆர்தர் சொன்னதையெல்லாம் செய்பவனாகித் தன் பணியாளைப் பின்தொடர்கிறான்.

மாறாத நிலை

தொடரின் போக்கில் பிறரின் நிலைகள் மாறுகின்றன. பிரபுக் குலத்தாரே வீரர்களாகலாம் என்ற ஊதரின் விதியை மீறி, மூன்றாம் பருவத்தின் இறுதியில் இலான்சிலாட், எலியன், பெர்சிவல் முதலானோரை ஆர்தர் வீரர்களாக்குகிறான். பணிப்பெண்ணாக இருந்த குவினவியரை நான்காம் பருவத்தின் இறுதியில் மணந்து அரசியாக்குகிறான். மெர்லின் மட்டும் இறுதிவரை பணியாளாகவே இருக்கிறான். அவன் செய்தது வெளியில் தெரிந்தால்தான் அவனை உயர்த்த முடியும். அதுவோ வெளியில் தெரியக்கூடாதது.

உண்மை வெளிப்படல்

இறுதி அத்தியாயத்தில், கேம்லான் போரில் மார்ட்ரெட்டால் குத்தப்பட்ட ஆர்தரிடம் மெர்லின் தன் மந்திர ஆற்றலை ஒப்புக்கொள்கிறான். ஆர்தர் முதலில் அச்சமும் சினமும் கொண்டு அவனை விலக்குகிறான். அவாலன் ஏரியை நோக்கிச் செல்லும் பயணத்தில், இத்தனை ஆண்டுகள் தனக்காக மெர்லின் செய்தவற்றையும், அவற்றுக்கு அவன் எந்தப் புகழும் வேண்டாததையும் உணர்கிறான். இறக்கும் முன் அவனுக்கு நன்றி கூறுகிறான். மெர்லின் ஆர்தரின் உடலைப் படகில் வைத்து அனுப்புகிறான். ஆர்தர் மீண்டும் எழுவான் என்று டிராகன் கூறுகிறது. தற்காலத்தில் முதியவராக அதே ஏரியைக் கடந்து மெர்லின் நடந்து செல்லும் காட்சியுடன் தொடர் முடிகிறது.

மூலக் கதைகளுடன் ஒப்பீடு

1485 ஆம் ஆண்டு அச்சிடப்பட்ட தாமசு மலோரியின் நூலில் மெர்லின் வயது முதிர்ந்த மந்திரவாதி. அவரே குழந்தை ஆர்தரை வளர்ப்புத் தந்தையிடம் சேர்ப்பித்துப் பின்னர் அரசனின் ஆலோசகராக விளங்குகிறார். அவருடைய ஆற்றலை அனைவரும் அறிவர். ஆர்தரின் இறப்புக்கு நெடுநாள் முன்பே அவர் கதையிலிருந்து மறைகிறார். தொலைக்காட்சித் தொடர் இருவரையும் ஒத்த வயதினராக்கி, ஆலோசகரைப் பணியாளாக்கி, அறியப்பட்ட ஆற்றலை மறைபொருளாக்கியது. இம்மாற்றங்களால், விதியைப் பற்றிய பழங்கதை, ஒருவரையொருவர் முழுமையாக நம்பியும் ஒருவர் மற்றவரை முழுமையாக அறியாத இருவரின் கதையாக மாறியுள்ளது.