அகன்ற சக்கரமும் வெட்டப்பட்ட மட்கார்டும் - ஒரு சிறு வரலாறு



கார் மட்கார்டுக்கு என்ன பெரிய வரலாறு இருந்துவிடப் போகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஜெர்மனியின் போர்ஷே 911 காரைப் பற்றிப் படித்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது.

முதலில் ஒரு கேள்வி. சக்கரத்தை ஏன் அகலமாக்க வேண்டும்? அகன்ற டயர் வளைவுகளில் ரோட்டை நன்றாகப் பிடிக்கும். ஆனால் அது மட்கார்டின் ஓரத்தில் உரசும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலோ கல்லையும் சேற்றையும் வாரி இறைக்கும். அதனால் சக்கரம் அகன்றால் மட்கார்டும் அகன்றாக வேண்டும்.

1964இல் விற்பனைக்கு வந்த 911இன் சக்கர அகலம் வெறும் 4.5 அங்குலம், என்ஜின் 130 குதிரைத்திறன். 1972 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் வந்த கரேரா ஆர்.எஸ். காருக்கோ 210 குதிரைத்திறன். முன்சக்கரம் 6 அங்குலம், பின்சக்கரம் 7 அங்குலம். அதற்காகப் பின் மட்கார்டுகளைப் புடைப்பாகச் செய்தார்கள். பந்தய அனுமதிக்கு 500 கார்கள் தயாரித்தால் போதும். விற்றதோ சுமார் 1,580!

அதன் பந்தய வடிவமான ஆர்.எஸ்.ஆரின் பின்சக்கரம் 11 அங்குலம். 1973இல் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தையும் டார்கா ஃப்ளோரியோவையும் அது வென்றது.

அடுத்துதான் வேடிக்கை. 1976இல் வந்த குரூப் 5 விதிகள், அகன்ற சக்கரங்களுக்காக மட்கார்டின் வடிவத்தை மாற்றிக்கொள்ள விட்டுவிட்டன. போர்ஷேயின் பொறியாளர் நார்பர்ட் சிங்கர் அந்த வரியை எழுத்துக்கு எழுத்து படித்தார். அகலப்படுத்தலாம் என்றால் தாழ்த்தவும் செய்யலாமே! 935 காரின் முன் மட்கார்டுகளைத் தட்டையாக்கி, ஹெட்லைட்டுகளைக் கீழே பம்பருக்குக் கொண்டுபோனார். காற்றின் எதிர்ப்பு குறைந்தது. 1979 லெ மான் பந்தயத்தை வென்றது கிரெமர் அணியின் 935தான்.

பந்தயத்தைப் பார்த்த ரசிகர்களும் தங்கள் கார்களை வெட்டத் தொடங்கினார்கள். ஜப்பானின் அகிரா நகாய் 911 மட்கார்டுகளைத் தன் கையாலேயே வெட்டி, அகன்ற மட்கார்டு பொருத்துவதில் உலகப் புகழ் பெற்றவர். சிலர் அதைக் கலை என்கிறார்கள், சிலர் பழைய காரைக் கெடுப்பது என்கிறார்கள்.

இரண்டிலும் உண்மை இருக்கிறது. பின் மட்கார்டின் உள்தகடும் வெளித்தகடும் வெல்டிங்கால் இணைந்தவை. வெட்டினால் இணைப்பு பிரியும். மறுபடி வெல்டிங் வைத்து பெயின்ட் அடிக்காவிட்டால் வெட்டிய ஓரத்திலிருந்து துரு ஏறும். போர்ஷே வெட்டியதற்குக் காரணம் பந்தயத்தில் வெல்வது. நாம் எதற்காக வெட்டுகிறோம் என்பதை ரம்பத்தை எடுக்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. வெட்டிய தகடு திரும்ப ஒட்டாது!