முதல் யாருடையது? மகமையிலிருந்து கனிமநிதி வரை

தொழிலுக்கு முதலில் போடும் பணத்தை நம் சனங்கள் 'முதல்' என்கிறார்கள். ஒன்று இரண்டு என்று எண்ணத் தொடங்குகிற இடத்திலும் அதே சொல்தான். போட்டவன் முதலாளி. ஒரு கடைக்கு முதல் போட்டால் கடை அவனுக்குச் சொந்தம், சரி. ஒரு தெருவுக்கு, ஒரு ஊருக்கு முதல் போட்டால்? அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் தண்ணீர்த் தொட்டி, நிழற்குடை, பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர் என்று எதில் பார்த்தாலும் ஏதாவது ஒரு சிமெண்ட் கம்பெனியின் பெயர் எழுதியிருக்கிறது. இந்தக் கேள்வி எனக்கு அந்தச் சுவர்களைப் பார்த்துத்தான் வந்தது.

வெளியுலகில் இதற்கு ஒரு வடிவம் இருக்கிறது. டொராண்டோ நகரத்தில் புளூர் மேற்குக் கடைத்தெரு. நிலத்தடி ரயில் வந்ததும் தெருவில் இறங்கி நடக்கிற கூட்டம் குறைந்தது. பெரிய வணிக வளாகங்கள் மிச்சத்தை இழுத்துக்கொண்டன. கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து தெருவைச் சீர்படுத்தலாம் என்றார்கள். ஆனால் சந்தா கொடுக்காதவனும் விளக்கு வெளிச்சத்தில் வியாபாரம் பார்ப்பானே? எனவே அந்த எல்லைக்குள் கடை வைத்திருக்கும் எல்லோரிடமும் கட்டாய வரி வாங்கச் சட்டம் கேட்டார்கள், கிடைத்தது. ஆண்டு 1970. நகராட்சி வசூலித்துக் கொடுக்கும், வணிகர் குழு செலவு செய்யும். பிறகு அமெரிக்காவுக்குப் போய், 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக இங்கிலாந்துக்கும் வந்தது. இங்கிலாந்தில் இதற்கு ஒரு வாக்கெடுப்பு உண்டு. வணிக வரி கட்டுகிறவர்கள் மட்டும் வாக்களிப்பார்கள். தலைக்கணக்கில் பெரும்பான்மை வேண்டும், சொத்து மதிப்புக் கணக்கிலும் பெரும்பான்மை வேண்டும். மாடியில் குடியிருப்பவருக்கும் நடைபாதையில் பூ விற்பவருக்கும் அதில் சீட்டு இல்லை. இப்படியொரு எல்லையை உருவாக்கும் வேலைக்கே, அதாவது கணக்கெடுக்க, கூட்டம் போட, வாக்குச் சேகரிக்க, அரசே வித்துப்பணம் தருகிறது. ஸ்காட்லாந்தில் மானியமாகக் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் 2013இல் கடன்நிதி அறிவித்தார்கள். ஆக, வியாபாரிகள் தாமாக முன்வந்தார்கள் என்ற கதையாடலுக்கு அடியில் பொதுப்பணம் விதையாகக் கிடக்கிறது.

நியூயார்க்கில் இப்படி ஓர் எல்லைக்குள் குடியிருந்த ஒருவர் வழக்குப் போட்டார். எங்கள் தெருவை ஆளுகிற குழுவில் சொத்துக்காரர்களுக்கே பெரும்பான்மை, ஆளுக்கொரு வாக்கு என்ற நெறி எங்கே போயிற்று என்று கேட்டார். 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நெறி இங்கே பொருந்தாது என்று சொல்லிவிட்டது. கூட்டுவதும் விளக்குப் போடுவதும் காவல் பார்ப்பதும் குறுகிய நோக்கமுள்ள வேலைகள், முழு அரசாங்கம் அல்ல என்பது வாதம். கூட்டுகிறவன் எதைக் குப்பை என்று நினைக்கிறான் என்பதை நீதிமன்றம் கேட்கவில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். சிவகங்கை மாவட்டம் பிரான்மலைக் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பல ஊர் வணிகர்கள் கூடி, தங்கள் சரக்குகள் மீது தாங்களே ஒரு பகுதியை விதித்துக்கொள்கிறார்கள். பட்டணப்பகுடி என்று அதற்குப் பேர். நெல், உப்பு, மிளகு, பாக்கு, இரும்பு, பருத்தி என்று பட்டியல் நீளுகிறது. இதை அரசன் விதிக்கவில்லை. வணிகர் கூட்டமே விதித்துக் கோயிலுக்குக் கொடுத்தது. கொடுத்ததால் அந்தக் கூட்டத்தின் பெயர் கல்லில் நிற்கிறது. சுமை தூக்கியவன் அந்தக் கல்லில் அளவாகத்தான் வருகிறான், தலைச்சுமைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று.

இதற்கு எதிர்ப்பக்கமும் கல்லிலேயே உண்டு. அரியலூருக்கு வடக்கே, பக்கத்திலேயே இருக்கிற விருத்தாசலத்தில் 1429ஆம் ஆண்டுக் கல்வெட்டு. வலங்கை 98ம் இடங்கை 98ம் தம் சண்டையை மறந்து ஒன்றாக நின்று, அதிகாரிகளின் வரிக்கொடுமையை எதிர்த்துத் தீர்மானம் வெட்டிவைத்தார்கள். நொபோரு கராஷிமா இதைப்பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பிரான்மலையில் பேசியவர்கள் தமக்குத் தாமே வரி போட்டுக்கொண்டவர்கள். விருத்தாசலத்தில் பேசியவர்களுக்கு மேலேயிருந்து போட்டார்கள். கொடுப்பவனுக்குப் பேச்சு உண்டா என்பதுதான் இரண்டு கல்லுக்கும் நடுவில் உள்ள தூரம்.

மகமையை இங்கே வைத்துத்தான் பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் தெற்கிலிருந்து மாட்டுவண்டியில் சரக்கேற்றி வடக்கே வந்த நாடார் வணிகர்களுக்கு வழியில் பாதுகாப்பு இல்லை. ஆங்காங்கே வேலி போட்ட பேட்டைகளைக் கட்டினார்கள். வண்டி நிறுத்தவும் சரக்கு வைக்கவும் கட்டணம். விற்பனையில் ஒரு சிறுபங்கு பொதுப்பெட்டிக்கு. சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாளையம்பட்டி, சாத்தங்குடி என்று அந்தப் பேட்டைகளே ஊர்களாக, உறவின்முறைகளாக ஆயின. அந்தப் பெட்டியிலிருந்து கிணறு வந்தது, கோயில் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை 1880களில் தொடங்கியது. காமராசர் படித்தது அங்கேதான். வீடுவீடாகப் பிடி அரிசி வாங்கி அந்தப் பள்ளியை நடத்தியதை அந்த ஊரில் இன்றும் சொல்வார்கள். அரசாங்கத்தின் வித்துப்பணம் ஒரு தம்பிடி கிடையாது. 1897இல் கமுதிக் கோயிலுக்குள் போனதற்காகத் தொடுக்கப்பட்ட வழக்கு 1908இல் பிரிவி கவுன்சிலில் தோற்கிற வரைக்கும் நடந்தது. நடுவில் 1899இல் சிவகாசிக் கலவரம். இவ்வளவையும் தாங்கி நிற்க ஒரு பெட்டி தேவைப்பட்டது.

மகமையைப் பற்றிப் பேசும்போது நம் நண்பர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சுயமுன்னேற்றத்தின் அற்புதம் என்று கொண்டாடுவார்கள், இல்லையென்றால் சாதிச் சங்கம் என்று ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு இரண்டும் போதவில்லை. கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் தமக்கென்று ஒரு பொதுவெளியைக் காசு போட்டு வாங்க வேண்டியிருந்தது என்பது அந்தக் காலத்து அரசின் மீதும் சாதிச் சமூகத்தின் மீதும் வைக்கப்பட்ட குற்றப்பத்திரிகை. அதேசமயம் பெட்டிக்கு ஒரு பூட்டு இருந்தது, சாவி குடும்பத் தலைவனான ஆணிடம் இருந்தது. பேட்டைக்குள் மூட்டை தூக்கிய மற்றச் சாதிக் கூலிக்கும், அரிசி அள்ளிப்போட்ட அதே வீட்டுப் பெண்ணுக்கும் உறவின்முறைக் கூட்டத்தில் வாய் கிடையாது. ஒடுக்கப்பட்டவர்கள் கட்டிய வேலிக்கும் உள்பக்கம், வெளிப்பக்கம் என்று இருந்திருக்கிறது.

காலனிய அரசு இந்த 'தாமாக முன்வருதல்' என்பதை ஒருதரம் சட்டமாகவே செய்து பார்த்தது. 1850ஆம் ஆண்டின் 26ஆம் சட்டப்படி ஊரார் விண்ணப்பித்தால் ஊரைச் சீர்படுத்த வரி போட்டுக்கொள்ளலாம். சென்னை மாகாணத்தில் அது பெரிதாக எடுபடவில்லை. 1865இல் நகர மேம்பாட்டுச் சட்டம் என்று ஒன்று வந்தது. பெயர்தான் மேம்பாடு, நகரப் போலீஸ் செலவின் பெரும்பங்கை ஊர்க்காரன் தலையில் கட்டினார்கள்.

தமிழ்நாட்டு அரசு 1997 வாக்கில் கொண்டுவந்த நமக்கு நாமே திட்டம், 2011க்குப் பிறகு தன்னிறைவுத் திட்டம் என்றானது. 2021இல் பழைய பெயரே திரும்ப வந்தது. பொதுவாக மூன்றில் ஒரு பங்கு மக்களோ நிறுவனமோ போட்டால் மீதியை அரசு போடும். டொராண்டோவில் வரி, விருதுநகரில் மகமை, இங்கே பங்குத்தொகை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எங்கள் பக்கத்து டீக்கடையில் ஒரு பெரியவர் சொன்னார்: "மூணுல ஒண்ணு கட்ட முடிஞ்ச தெருவுக்கு ஏற்கெனவே பாதி ரோடு இருக்கும் தம்பி. கட்ட முடியாத தெருவுலதான் சேறு." கொள்கை விளக்கக் குறிப்புகள் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட இது தெளிவாக இருந்தது. அரசு தன் மூன்றில் இரண்டு பங்கை எங்கே கொட்டும் என்பதைக் காசுள்ளவனின் மூன்றில் ஒரு பங்கு முடிவு செய்துவிடுகிறது. விதை கொஞ்சம்தான், ஆனால் எந்த வயல் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

இனி அரியலூர். இந்த மாவட்டமே அரசின் கணக்குப்புத்தகத்தில் அழித்தெழுதப்பட்ட ஊர். 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது, 2002இல் திரும்பச் சேர்த்தார்கள், 2007இல் மறுபடி பிரித்தார்கள். மண்ணுக்கு அடியில் இருப்பது மட்டும் மாறவில்லை. கிரெட்டேசியக் காலத்துக் கடல் இங்கே இருந்தது. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறை பெரும்பாலும் சிப்பி. நாம் பூசுகிற சிமெண்ட் ஏழு கோடி ஆண்டுக்கு முந்திய சிப்பி என்று வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போனால் விளங்கும். ஆக இந்த ஊருக்கு முதல் போட்டது அந்தக் கடல். டான்செம் 1979இல் அரசு ஆலையாக வந்தது. பிறகு தனியார் ஆலைகள் ஆலத்தியூர், தளவாய், ரெட்டிபாளையம், கீழப்பழூர் என்று வரிசையாக வந்தன.

2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்கு ஒதுக்கச் சொன்னது. 2015இல் கனிமச் சட்டம் திருத்தப்பட்டு மாவட்டக் கனிம அறக்கட்டளை வந்தது. 2015 ஜனவரி 12க்கு முந்திய குத்தகைகளுக்கு அரசுக்குக் கட்டும் உரிமத்தொகையில் 30 சதவீதத்தைக் கூடுதலாக இந்த நிதிக்குக் கொடுக்க வேண்டும், பிந்தைய ஏலக் குத்தகைகளுக்கு 10 சதவீதம். பாதிக்கப்பட்ட பகுதிகளுக்குத்தான் அது போக வேண்டும். வணிகர் கையில் விடவில்லை, மாவட்ட ஆட்சியர் தலைமையில் செலவாகிறது. ஒருவகையில் இது முன்னேற்றம், இல்லையென்று சொல்லமாட்டேன். கம்பெனி போட்டாலும் கம்பெனி எழுத்து சுவரில் வராது.

ஆனால் பாதிக்கப்பட்டவனுக்கு வாய் வந்ததா? அட்டவணைப் பகுதிகளில் இந்த நிதியைச் செலவிடக் கிராமசபையின் ஒப்புதல் வேண்டும் என்கிறது மத்திய அரசின் வழிகாட்டுதல். தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி ஒன்றுகூட அறிவிக்கப்படவில்லை. எனவே வீட்டுக்கூரையில் தூசி படிந்து, கிணறு இறங்கிப்போன அரியலூர்க்காரருக்கு அந்த ஒப்புதல் உரிமை கிடையாது. புளூர் தெருக் கடைக்காரருக்கு இருந்தது, விருதுநகர் வணிகருக்கு இருந்தது. இவர்கள் கொடுத்தது காசு அல்லவே, நிலமும் தண்ணீரும் மூச்சும்தானே. அதற்கு எந்த ரசீது?

உள்ளாட்சிகளுக்குத் தேர்தலைக் கட்டாயமாக்கிய 74ஆவது திருத்தத்திலேயே ஒரு பின்வாசல் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். தொழில் நிறுவனம் ஒன்று நகராட்சி வேலைகளைப் பார்த்துக்கொண்டால் அந்த இடத்தைத் தொழில் நகரியம் என்று ஆளுநர் அறிவிக்கலாம், அங்கே நகராட்சி அமைக்காமல் விடலாம். 243க்யூ பிரிவு. பெரம்பலூர் மாவட்டத்தில் திருமாந்துறை, எறையூர்ப் பக்கம் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்காகச் சுமார் 3000 ஏக்கர் வாங்கி, பத்தாண்டுக்கு மேல் பெரும்பாலும் கருவேலம் வளர்ந்து கிடந்ததைப் பார்த்தவன் என்ற முறையில் அந்த வாசல் எனக்குச் சின்னதாகத் தெரியவில்லை.

ஓர் அக்டோபர் 2ஆம் தேதி, சுரங்கம் ஒட்டிய ஊர் ஒன்றின் கிராமசபையில் உட்கார்ந்திருந்தேன். ஓர் அம்மா எழுந்து, "எங்க ஊருப் பேர்ல வர்ற பணம் எவ்வளவு, எந்த நோட்டுல எழுதியிருக்கு? நாங்க பாக்கலாமா?" என்று கேட்டார். அலுவலர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: "அது இங்க இல்லீங்கம்மா, மேல இருக்கு." அந்த அம்மா உட்காரவில்லை. நின்றுகொண்டேயிருந்தார். அடுத்து தெருவிளக்குத் தீர்மானத்தை வாசித்தார்கள்.