குப்பைமேட்டில் கிடைத்த சொற்பொருள்

கிறித்தவத் திருமறையின் புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பெற்றது என்பது பலரும் அறிந்ததே. அது எத்தகைய கிரேக்கம் என்னும் வினாவோ ஐரோப்பிய அறிஞர்களை நெடுங்காலம் மயக்கி வந்தது. பிளேட்டோ முதலியோரின் நடையோடு அது ஒத்துவரவில்லை. பண்டை இலக்கியங்களில் காணப்படாத சொற்களும் அதில் விரவியிருந்தன. ஆதலின், இது மறைக்கென்றே அமைந்த தனிமொழி என்றனர் சிலர். 19ஆம் நூற்றாண்டில் ரிச்சர்டு ரோத் என்னும் ஜெர்மானிய இறையியலார் இதனைத் தூய ஆவியின் மொழி என்றே கூறினார்.

இக்கருத்தை அசைத்தவை எகிப்து நாட்டு மணலில் புதைந்து கிடந்த பாப்பிரஸ் தாள்கள். அவற்றுள் வெளியானவற்றை ஆராய்ந்த அடால்ஃப் டைஸ்மன் என்னும் ஜெர்மானியர், மறையின் சொற்கள் அக்கால மக்களின் அன்றாட வழக்கே என 1895இல் எழுதினார். 1896-97ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் கிரென்ஃபெல், ஹன்ட் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் ஆக்சிரின்கஸ் என்னும் பழம்பதியின் குப்பைமேடுகளை அகழத் தொடங்கினர். வரிச்சீட்டு, மனு, குத்தகைப் பத்திரம், குடும்பக் கடிதம் என ஆயிரக்கணக்கில் ஏடுகள் வெளிப்பட்டன. டைஸ்மனின் கூற்று வலுப்பெற்றது.

சான்றுகள் சில காண்போம். பிறர் காண அறம் செய்வோர் தம் பலனைப் பெற்றுவிட்டனர் என்று மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரம் கூறுகிறது. அங்குள்ள 'அபெகோ' என்னும் வினை, பாப்பிரஸ் தாள்களிலும் மண்ணோட்டுச் சில்லுகளிலும் பற்றுச்சீட்டுச் சொல்லாக வருகிறது. முழுத்தொகையும் பெற்றாயிற்று, இனிப் பாக்கி இல்லை என்பது கருத்து. புகழைக் கூலியாகப் பெற்றவனுக்கு இறைவனிடம் வரவேண்டியது ஏதுமில்லை என்னும் கண்டிப்பு இப்போதுதான் விளங்குகிறது. தமிழ் வேதாகமம் இவ்விடத்தில் 'தீர்தல்' என்னும் வினையை ஆண்டிருப்பது போற்றத்தக்கது. கணக்குத் தீர்ந்தது என்று நாமும் கூறுகிறோம் அன்றோ!

தூய ஆவியைப் பவுல் அடிகள் 'அர்ரபோன்' என்கிறார். செமித்திய வணிகர் வழியே கிரேக்கத்தில் புகுந்த இச்சொல்லுக்குத் தமிழ் வேதாகமம் தரும் சொல் 'அச்சாரம்'. ஆக்சிரின்கஸ் கடிதமொன்றில், எலி பிடிக்கும் லாம்போன் என்பவனுக்கு 8 திராக்மா இவ்வாறே அச்சாரமாகக் கொடுக்கப்பட்ட செய்தி உள்ளது. எலி பிடிப்போனின் முன்பணத்திற்கு வழங்கிய சொல்லையே இறைவனின் உறுதிமொழிக்கும் பவுல் ஆண்டார். எளியோரும் கேட்ட அளவிலேயே பொருள் உணர்ந்திருப்பர்.

இச்சான்றுகளைத் திரட்டி அகராதி செய்தவர்கள் ஜேம்ஸ் ஹோப் மோல்டனும் ஜார்ஜ் மில்லிகனும் ஆவர். அதன் முதற்பகுதி 1914இல் வெளிவந்தது. பாரசீக சமயத்திலும் வல்லவரான மோல்டன் 1915இல் இந்தியாவுக்கு வந்து பார்சி மக்களிடையே சொற்பொழிவாற்றினார். நாடு திரும்புகையில், 1917 ஏப்ரலில், மத்தியதரைக் கடலில் அவர் சென்ற கப்பல் நீர்மூழ்கிக் கப்பலால் தாக்குண்டது. உயிர்காப்புப் படகில் துன்புற்று உயிர்நீத்தார். எஞ்சிய பணியை மில்லிகன் 1929இல் நிறைவேற்றினார்.

எல்லாச் சொற்களுக்கும் பற்றுச்சீட்டே விடை தரும் எனக் கருதுதல் மிகையாகும். எபிரேய மறையின் கிரேக்க மொழிபெயர்ப்பால் சில சொற்கள் தனிப்பொருள் ஏற்றன. சொல்லின் வேரை மட்டும் அகழ்ந்து சமயக் கொள்கைகளை நிறுவும் போக்கை ஜேம்ஸ் பார் 1961இல் மறுத்தார். சொல் நின்ற தொடரையும் இடத்தையும் நோக்கியே பொருள் காணவேண்டும் என்பது அவர் வற்புறுத்திய நெறி.

அலுவலகத்தில் நாள்தோறும் மனுவும் பற்றுச்சீட்டும் கையாளும் நம்மனோர்க்கு இவ்வரலாறு ஒரு பெருமிதம் தருகிறது. கடமை ஒன்றையும் நினைவூட்டுகிறது. பிறமொழி வழங்கும் நகரங்களில் வளரும் நம் பிள்ளைகள் தமிழின் உயிர்ப்பை நூல்களில் மட்டும் பெற்றுவிட இயலாது. ஊரிலிருந்து பெற்றோர் எழுதிய கடிதங்களும் பாட்டனாரின் கணக்கேடுகளும் நம் வீட்டுப் பெட்டிகளில் உறங்குகின்றன. அவற்றைப் பழந்தாள் என்று எடைக்குப் போடாமல், பிள்ளைகளோடு அமர்ந்து படிப்போமாக.