செக்ரோலில் ஒரு பெயர்



பிள்ளைகளின் அடையாள அட்டை விண்ணப்பத்தைப் பாடசாலையில் நிரப்பும்போதெல்லாம் நாங்கள் பார்க்கும் விஷயம் இது. பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் ஒரு விதம், அவருடைய அடையாள அட்டையில் இன்னொரு விதம், தோட்டத்துச் செக்ரோலில் மூன்றாவது விதம். பிள்ளைகள் சிரிப்பார்கள். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களின் கதை தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு வராது.

காலையில் பிரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுத்து, அன்றைய பேரைச் செக்ரோலில் பதிவார்கள். அது சம்பளத்துக்கான புத்தகம். ஆனால் 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு அதே புத்தகம் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தானது.

1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டப்படி, 1946 ஜனவரி 1க்கு முன் திருமணமானவர் 7 ஆண்டும், மற்றவர் 10 ஆண்டும் தொடர்ந்து இங்கே வசித்ததை நிரூபிக்க வேண்டும். லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம். உறுதியும் இல்லை, வாடகைச் சீட்டும் இல்லை. தோட்டத்துப் பதிவேடுதான் பெரிய சாட்சி. தெஹியோவிட்டையில் றப்பர் பால் வெட்டிவிட்டு றக்வானைக்குப் போன குடும்பம், இரண்டு கந்தோரிலும் கடிதம் கேட்டு நிற்க வேண்டும். நகரங்களில் கடை வைத்திருந்த இந்திய முஸ்லிம்களுக்கும் அதே சட்டம்தான்.

சுமார் 825,000 பேருக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு. மற்றவர்களை 1964இல் இரண்டு அரசாங்கங்கள் எண்ணிக்கையாகப் பிரித்தன: 525,000 இந்தியாவுக்கு, 300,000 இலங்கைக்கு, மீதி பிறகு பார்க்கலாம் என்று. எஞ்சியிருந்தவர்களுக்கு வழி திறந்தது 2003ஆம் ஆண்டின் சட்டம்.

பதிவேட்டின் வேலை அதோடு முடியவில்லை. 1958இல் வந்த ஊழியர் சேமலாப நிதிக்கும், 1983இல் வந்த பணிக்கொடைச் சட்டத்துக்கும் சேவைக்காலக் கணக்கு வேண்டும். இடையில் 1972இலும் 1975இலும் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. தொழிலாளி அதே லயத்தில் இருந்தார். அவருடைய கணக்கு மட்டும் கைமாறிக்கொண்டே இருந்தது. ஒரு பக்கம் தொலைந்தால், ஓய்வு பெறும் நாளில் நட்டம் அவருக்குத்தான்.

பதிவேட்டை வைத்திருக்கும் கடமை முதலாளிக்கு. அதற்காக நாங்கள் சும்மா இருக்க முடியாது. சம்பளச் சீட்டு, சேமலாப நிதி அட்டை, பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் எடுத்து, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். வித்தியாசம் இருந்தால் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். பாடசாலை விட்ட பிறகு இருந்து, திருத்த விண்ணப்பத்தை நாங்கள் நிரப்பித் தருகிறோம்.