அழைக்கப்படாத சாட்சி: குசினியில் இருக்கும் நமது வரலாறு

இலங்கை முஸ்லிம்களின் பூர்வீகம் பற்றிய விவாதம் நமது வாசகர்களுக்குப் புதியதல்ல. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில் வாசித்த கட்டுரையில், சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு மறுப்பு நூல் வெளியிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை இந்த வழக்கில் வம்சாவளி, மொழி, உடை, கல்யாண வழக்கங்கள், கல்வெட்டு எல்லாம் சாட்சிக்கு அழைக்கப்பட்டுவிட்டன. ஆனால் நமது உம்மாமார் நாளாந்தம் நின்ற இடமாகிய குசினியை நாம் போதியளவு விசாரிக்கவில்லை.

ஏன் விசாரிக்கவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. குசினியில் எழுத்து இல்லை. பக்தாதில் 1226ஆம் ஆண்டிலேயே முஹம்மத் அல்-பக்தாதி 'கிதாபுத் தபீஹ்' என்ற சமையல் நூலை எழுதி முடித்துவிட்டார். அங்கே ஆண்கள் எழுதினார்கள். செல்வர் வீட்டுச் சமையல் ஏட்டில் ஏறியது. இங்கே பெண்கள் சமைத்தார்கள். அது வாயிலும் கையிலும் நின்றுவிட்டது. "அளவு என்னத்துக்கு மகன்? கண்ணால பார்த்தாத் தெரியும்தானே" என்று என் உம்மும்மா சொல்வார். அந்தக் கண் மூடும்போது அந்த அளவும் போய்விடும். ஆகவே ஒரு சாதாரண வீட்டுச் செய்முறையை ஓர் ஆவணத்தை வாசிப்பதுபோல வாசித்துப் பார்க்க இக்கட்டுரையில் முயல்கிறேன்.

முதலில் வட்டிலப்பத்தை எடுத்துக்கொள்வோம். எங்கள் வீட்டுக் கணக்கு இதுதான்: முட்டை 10, கித்துள் கருப்பட்டி அரைக் கிலோ, தேங்காயின் கட்டியான முதற்பால் இரண்டு கோப்பை, ஏலக்காய் ஏழெட்டு, சாதிக்காய் சுரண்டிய தூள் கொஞ்சம், உப்பு ஒரு சிட்டிகை, மேலே தூவக் கஜு. கருப்பட்டியைச் சீவிப் பாலில் கரைத்து வடிகட்ட வேண்டும். முட்டையை நுரை பொங்க அடிக்காமல் மெதுவாகக் கலக்கிச் சேர்த்து, இன்னொரு தரம் வடித்து, கிண்ணத்தில் ஊற்றி, மேலே ஆவித்தண்ணீர் சொட்டாமல் மூடி, முக்கால் மணித்தியாலம் அவிக்க வேண்டும். "சீனி போட்டுச் செஞ்சா அது வேற சாமான் மகள்" என்பது உம்மும்மாவின் கடைசித் தீர்ப்பு.

இந்தப் பட்டியலைத் தேசப்படத்தில் வைத்துப் பாருங்கள். தேங்காய் கரையோரத்துப் பொருள். கித்துள் மழை கூடிய மலைநாட்டு மரம். பெயரும் சிங்களப் பெயர்தான். கரையையும் மலையையும் இணைத்தது எது? தவளம். மாட்டின் முதுகில் பொதி ஏற்றி, உப்பும் கருவாடும் புடவையும் மேலே கொண்டுபோய், பாக்கும் மற்ற மலைநாட்டுச் சரக்கும் கீழே கொண்டுவந்த வர்த்தகம் அது. கண்டி இராச்சியத்தில் இந்தப் போக்குவரத்துக்கென இருந்த 'மடிகே பத்த' என்ற திணைக்களத்தில் முஸ்லிம்கள் பெருமளவில் கடமையாற்றியமை வரலாற்றில் பதிவான செய்தி. சாதிக்காய் இன்னும் தூரத்துச் சங்கதி. அதன் தாயகம் இந்தோனேசியாவின் பண்டாத் தீவுகள். 1621இல் ஒல்லாந்தர் அத்தீவுகளைப் பிடித்து அந்த வாணிபத்தைத் தமது ஏகபோகமாக்கினர். அதே ஒல்லாந்தக் கம்பனிதான் பின்னர் இலங்கையின் கரையோரத்தையும் ஆண்டது. நாம் பெருநாளன்று கரண்டியால் எடுத்து வாயில் போடும் ஒரு துண்டுக்குள் மலையும் கரையும் கடலும் இருக்கின்றன.

வட்டிலப்பம் யாருடையது என்றும் ஒரு சர்ச்சை உண்டு. முட்டை, தேங்காய்ப்பால், வெல்லம் சேர்த்து அவிக்கும் 'ஸ்ரீகாயா' என்ற பண்டம் மலாய் உலகத்தில் இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் படைவீரர்களாகவும் நாடுகடத்தப்பட்டவர்களாகவும் வந்த ஜாவா, மலாய் மக்களோடு அது இங்கு வந்தது என்பது ஒரு கட்சி. வட்டில், அப்பம் இரண்டுமே சுத்தத் தமிழ்ச் சொற்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இதே பண்டம் இதே பெயரோடு இருக்கிறது என்பது மறு கட்சி. என் அபிப்பிராயத்தில் இவ்விரண்டும் ஒன்றையொன்று அழிக்கவில்லை. அந்தக் காயலிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் மரைக்காயர் கப்பல்கள் அச்சேவுக்கும் கெடாவுக்கும் போய்வந்தன. கப்பல் போன வழியில் பண்டமும் போயிருக்கும், வந்திருக்கும். பொருள் மலாய் உலகத்தோடு உறவு சொல்கிறது, பெயர் தமிழில் நிற்கிறது, இனிப்பைச் சிங்கள மலைநாடு கொடுக்கிறது, பரிமாறுவது நமது பெருநாளில். இதில் எதை வெட்டி எறிந்தாலும் வட்டிலப்பம் வட்டிலப்பமாக இராது.

அடுத்தது நோன்புக் கஞ்சி. ஒரு சுண்டு அரிசி, ஏழு சுண்டு தண்ணீர், வெள்ளைப்பூடு பத்துப் பல்லு, வெந்தயம் ஒரு தேக்கரண்டி, இஞ்சித் துண்டு, ரம்பை, ஒரு விரல் கறுவா, இருந்தால் ஒரு பிடி இறைச்சி. அரிசி குழைந்த பின் தேங்காய்ப்பால் விட்டு, உப்புப் போட்டு, ஒரு கொதி வரும்போதே இறக்கிவிட வேண்டும். மேலும் கொதித்தால் பால் திரைந்துவிடும். சுண்டு என்பது பெரும்பாலான வீடுகளில் ஒரு ரின்பால் பேணிதான். அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலுக்கு வாளியோடு ஓடிய பிள்ளைப்பருவம் நம்மில் அநேகருக்கு இருக்கும். பணக்காரன் வீட்டு வாளிக்கும் ஏழை வீட்டு வாளிக்கும் அண்டாவில் இருந்து விழும் அகப்பை ஒன்றே. பாக்குநீரிணையின் அந்தக் கரையிலும் இதே கஞ்சி, இதே நேரம், இதே வரிசை. இந்தக் கஞ்சி அரபு நாட்டில் இருந்து வந்ததல்ல. அரிசியும் தேங்காயும் விளையும் மண்ணில், நோன்பாளியின் வெறும் வயிற்றுக்கு இதமானது எது என்று யோசித்த பெண்களின் கண்டுபிடிப்பு அது. மார்க்கம் நோன்பைத் தந்தது. அதைத் திறக்கும் கஞ்சியை இந்த மண் தந்தது.

பாத்திரத்துக்கும் பண்டத்துக்கும் நாம் வைத்திருக்கும் பெயர்களைக் கேட்டாலே போதும். ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் சஹன் அரபுச் சொல். குசினியும் பாணும் மேசையும் போர்த்துக்கேயர் விட்டுப்போனவை. சம்பலும் தொதலும் மலாய் உறவு. கித்துளும் ரம்பையும் சிங்களம். 'ஆணம்' என்று நமது மூத்தவர்கள் கறிக்குச் சொல்லும் சொல்லைச் சிலர் கொச்சை என்று நினைத்து வெட்கப்படுகிறார்கள். அது பழந்தமிழ்ச் சொல். மற்றவர்கள் வழக்கில் பெரும்பாலும் மறைந்துபோக, இரு கரை முஸ்லிம் வீடுகளும் அதைப் பாதுகாத்து வைத்திருக்கின்றன. பாலாணம் என்று சொல்லும் உம்மா ஒரு மொழிச் சேவையைச் செய்கிறார். அது அவருக்கே தெரியாது.

இடியப்பத்துக்கு அரைக்கும் சம்பலில் மாசியும் மிளகாயும் இருக்கின்றன. 1344இல் புத்தளத்தில் இறங்கிய இப்னு பதூதா, வெள்ளத்தில் அடித்துவந்த கறுவா மரங்கள் அந்தக் கரையில் குவிந்து கிடந்ததைக் கண்டு எழுதினார். மாலைதீவில், மீனை அவித்துப் புகையிட்டு உலர்த்தி இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யெமனுக்கும் அனுப்பியதையும் பதிந்தார். அதுதான் நமது மாசி. ஆனால் இப்னு பதூதா வந்த நாளில் இந்தத் தீவில் எவருடைய அம்மியிலும் செத்தல் மிளகாய் அரைபடவில்லை. மிளகாயின் தாயகம் அமெரிக்கா. 1505இல் இங்கு வந்த போர்த்துக்கேயரின் காலத்திற்தான் அது இப்பக்கம் பரவியது. அதே போர்த்துக்கேயர் 1626இல் தமது ஆட்சிப் பகுதிகளில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் அடைக்கலம் கொடுத்து, அவர்களில் 4,000 பேர்வரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றியதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. விரட்டியவன் கொண்டுவந்த மிளகாய் விரட்டப்பட்டவர்களின் சம்பலில் நிலைத்துவிட்டது. வரலாறு சில வேளைகளில் இப்படித்தான் காரமாக இருக்கிறது.

சிற்றுண்டிக்கு வருவோம். பட்டிஸ், ரோல்ஸ், கட்லட் எல்லாம் ஐரோப்பியச் சாயலுள்ள பண்டங்கள். இன்று அவை இல்லாமல் நமக்கு இஃப்தார் இல்லை. ரொட்டியும் பிட்டும் இன்று கோதுமை மாவில் ஆவதற்குப் பின்னால் ஒரு யுத்தம் இருக்கிறது. 1942இல் பர்மா ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. அரிசி பங்கீட்டுக்குப் போயிற்று. குறையை நிரப்பக் கோதுமை மா வந்தது. அரிசி மாவில் பழகிய பெண்களுக்கு இந்த மா கையில் ஒட்டியது. துணியில் கட்டி அவித்து, அரித்து எடுத்தால் அரிசி மாப்போல உதிரும் என்ற உபாயம் வீடுகளில் நிலைத்தது. இன்றும் அவித்த மாவில் பிட்டுக் குழைக்கும்போது அந்த உபாயம்தான் கைகொடுக்கிறது. 1970களின் முற்பகுதியில் பாணுக்கு வரிசையில் நின்ற காலத்தில் மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ப்பூவும் காலைச் சாப்பாடாயின. இறக்குமதிப் புள்ளிவிவரங்களில் வெறும் எண்ணாக இருப்பது, அந்தத் தலைமுறையின் குசினியில் ஒரு செய்முறையாக இருக்கிறது.

இதையெல்லாம் விட எனது மனதை உறுத்துவது 1990 ஒக்டோபர். விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டே மணித்தியாலம் கொடுக்கப்பட்டது. தலைக்கு மிகச் சொற்பப் பணத்துக்கு மேல் கொண்டுபோக விடவில்லை. எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் வடக்கை விட்டு வந்தார்கள். பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கினார்கள். உறுதி போயிற்று, நகை போயிற்று, தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய அண்டாவும் வட்டிலும் அம்மியும் அங்கேயே கிடந்தன. எந்தச் சோதனைச் சாவடியிலும் பறிக்க முடியாமல் வந்த ஒரே சொத்து, பெண்களின் தலைக்குள் இருந்த கைப்பக்குவம். நிவாரண அரிசியிலும் பருப்பிலும் இருந்துகொண்டு அடுத்த நோன்புக்குக் கஞ்சி காய்ச்சியவர்கள் அவர்கள். இழந்த காணிக்கு மனு எழுதினோம், எழுதத்தான் வேண்டும். கொண்டுவந்த அறிவை மட்டும் யாரும் எழுதிவைக்கவில்லை. அன்று நாற்பது வயதாக இருந்த உம்மாவுக்கு இன்று எழுபத்தைந்துக்கு மேல்.

இப்போது நமது ஊர்களில் மந்தியும் கப்ஸாவும் வந்துவிட்டன. இதைக் குறைசொல்ல நான் வரவில்லை. 1970களின் பிற்பகுதியில் தொடங்கி வளைகுடா நாட்டு வீடுகளில் சமைத்துக் களைத்த நமது பெண்களின் உழைப்பும் அந்தத் தட்டில் இருக்கிறது; அதுவும் ஒரு வரலாற்றுப் படைதான். ஆனால் அதுதான் 'நமது அசல் சாப்பாடு', கஞ்சியும் வட்டிலப்பமும் ஏதோ கலப்படம் என்று பேசுவோரைக் காணும்போதுதான் கவலை வருகிறது. நீங்கள் இந்த நாட்டவரா என்று நம்மைப் பார்த்துக் கேட்கப்படும் காலங்கள் வந்து போகின்றன. அப்போது நமது கையில் இருக்கும் நல்ல பதில்களில் ஒன்று, இந்த மண்ணின் கித்துளையும் அரிசியையும் தேங்காயையும் கொண்டு நூற்றாண்டுகளாக நாம் சமைத்த சமையல். அதை நாமே கீழே போட்டுவிட்டு வேறு சாட்சி தேடி அலைவது நியாயமா?

2022இல் எரிவாயு இல்லாமல் நாடு தவித்ததும் அந்த ஆண்டு செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியதும் நமக்கு நினைவிருக்கும். அப்போது பல வீடுகளில் விறகடுப்பு மூட்டத் தெரிந்தவர், பால்மா இல்லாமல் தேங்காய்ப்பாலில் பசி தீர்க்கத் தெரிந்தவர், மூலையில் தஸ்பீஹோடு இருந்த மூத்தம்மா ஒருவர்தான். பழைய செய்முறை ஓர் அலங்காரப் பொருளல்ல என்பதை அந்த மாதங்கள் காட்டிக்கொடுத்தன.

ஆகவே வாசகர்களிடம் ஒரு சிறிய வேண்டுகோள். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வீட்டில் இருக்கும் மூத்த பெண்ணிடம் ஒரு செய்முறையை மட்டும் கேட்டு எழுதுங்கள். அளவைச் சுண்டிலும் பிடியிலும் அவர் சொல்வதுபோலவே எழுதுங்கள், கிராமுக்கு மாற்றவேண்டாம். யாரிடம் படித்தார், எந்த ஊரில், எந்தப் பஞ்சத்தில் எதற்குப் பதில் எதைப் போட்டார் என்றும் கேளுங்கள். சொற்களைத் திருத்தாதீர்கள், ஆணம் ஆணமாகவே இருக்கட்டும்.

நான் கொஞ்சம் பிந்திவிட்டேன். என் உம்மும்மாவின் வட்டிலப்பத்தில் கடைசியாக ஒரு பொருள் விழும். கையை மூடிக்கொண்டு போடுவார், கேட்டால் சிரிப்பார். மேலே நான் எழுதிய பட்டியலில் அது இல்லை.