பருத்தி: நீர்ப்பாசனமும் வடிகாலும்

பருத்தி வறட்சியை ஓரளவு தாங்கும்; தேங்கிய நீரைத் தாங்காது. அதன் ஆணிவேர் ஒரு மீட்டருக்கும் கீழே இறங்கி ஈரம் தேடக்கூடியது. அந்த வேரைச் சுற்றி நீர் நின்றால் மண்ணிடுக்கில் காற்று இராது. வேர் தழைச்சத்தை எடுக்க மாட்டாமல் இலை மஞ்சளாகும். சப்பையும் பிஞ்சும் உதிரும்.

தமிழ்நாட்டு இறவைப் பருத்திக்கு ஏறத்தாழ 600 முதல் 700 மி.மீ. நீர் தேவை. விதைத்ததும் ஒரு தண்ணீர், 5ஆம் நாள் வாக்கில் உயிர்த் தண்ணீர். அதன்பின் பூக்கும்வரை சிக்கனமே நல்லது. இளஞ்செடிக்கு அடிக்கடி தண்ணீர் கட்டினால் வேர் மேலாகவே தங்கிவிடும். தழை பெருத்துக் காய் குறையும். ஏறத்தாழ 45 முதல் 100 நாள் வரை, பூவும் காயும் பிடிக்கும் காலத்தில், வயலைக் காயவிடக்கூடாது. செம்மண் சீக்கிரம் காயும். கரிசல் ஈரத்தைக் காக்கும், ஆனால் வெடிப்பு விட்டால் வேரையே அறுக்கும். ஆகவே வெடிக்கும் முன்பே தண்ணீர் கட்ட வேண்டும். காய் வெடிக்கத் தொடங்கியபின் பாய்ச்சினால் காயழுகலும் புதுத்தளிரும்தான் மிஞ்சும்.

பாரும் சாலும் பிடித்து விதைப்பது பாசனத்துக்கும் வடிகாலுக்கும் ஒருசேரப் பயன்படும். நீர் குறைந்த இடத்தில் ஒரு சால் விட்டு ஒரு சால் பாய்ச்சலாம். சொட்டுநீர் இன்னும் மிச்சம் தரும்.

வடிகாலின் அருமை காவிரி டெல்டாவின் நெல் தரிசுப் பருத்தியில் தெரியும். சம்பா அறுவடைக்குப் பின் ஜனவரி, பிப்ரவரியில் விதைக்கிறார்கள். நிலமோ களி; நீரைத் தேக்குவதற்கென்றே சமன்செய்து வரப்பு கட்டிய நெல்வயல். பருத்தி காய்த்து நிற்கும் மே, ஜூனில் கோடைமழை கொட்டினால் வழிந்தோட இடமில்லை. இரண்டொரு நாள் தேங்கினாலே பல மாத உழைப்பு வயலில் உதிர்ந்து கிடக்கும். வரப்போரமும் வயலின் குறுக்கேயும் ஓடை வெட்டி, அதைப் பொது வடிகாலோடு இணைப்பதை விதைக்கும் போதே செய்துவிட வேண்டும். பொது வடிகால் தூர்ந்து கிடந்தால் தனி விவசாயி வெட்டிய ஓடையால் பயனில்லை. அது ஊர் கூடிச் செய்யும் வேலை.

நெடுநாள் காய்ந்த வயலில் திடீரெனப் பெருமழை பெய்தாலும், நிறையத் தண்ணீர் கட்டினாலும் காய் நிறைந்த செடி சில மணி நேரத்தில் வாடி நிற்பதுண்டு. இது நோய்க்கிருமியால் வருவதல்ல. உடனே நீரை வடித்து, லிட்டருக்கு 10 மில்லிகிராம் கோபால்ட் குளோரைடு கரைத்துத் தெளிக்கப் பரிந்துரைக்கப்படுகிறது. தாமதித்தால் பலன் குறைவு.

வடிகாலற்ற பாசனம் காலப்போக்கில் நிலத்தடி நீரை மேலேற்றி மண்ணில் உப்புப் படியச் செய்யும். அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளைப் பருத்திக்குத் திருப்பியதால் ஆரல் கடல் வற்றிய மத்திய ஆசியாவில் இது பெருஞ்சேதம் விளைவித்தது. உஸ்பெகிஸ்தானின் உவர்நிலங்களில், வயலில் நீர் நிறுத்தி உப்பைக் கரைத்து வெளியேற்றிய பிறகே பருத்தி விதைக்கிறார்கள்.